செங்கோட்டை முதல் வள்ளக்கடவு வரை: பழைய நீர்வழிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்காசி, செங்கோட்டை, புனலூர், மார்த்தாண்டம் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில், தாத்தா காலத்தில் கொல்லத்துக்கோ ஆலப்புழைக்கோ வள்ளத்தில் போய்வந்த கதை ஒன்றாவது இருக்கும். கதை நினைவில் இருக்கும். எங்கே ஏறினார், எங்கே இறங்கினார், எந்த ஆறு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அப்படி வரும் கேள்விகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவை இவை.

ஆரியங்காவு மலையிலிருந்து இறங்கி, கல்லடா ஆற்றில் படகு ஏறி, நேராகக் கொல்லம் போக முடிந்ததா?

முடியாது. இந்தக் கற்பனை எப்படியோ பரவிவிட்டது. குளத்துப்புழை, செந்துருணி, கல்துருத்தி ஆகிய மூன்றும் தென்மலை அருகே சேர்ந்து கல்லடா ஆறாகின்றன. மொத்த நீளம் 121 கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்துக்குள் மலை உச்சியிலிருந்து, கடலை ஒட்டிய உப்பங்கழியான அஷ்டமுடிக் காயல் வரை இறங்கியாக வேண்டும். மேற்பகுதி முழுவதும் பாறை; தென்மேற்குப் பருவமழையில் யானையையும் புரட்டும் வெள்ளம்; பங்குனி, சித்திரையில் முழங்கால் அளவுத் தண்ணீர். அதில் மிதந்து இறங்கியது மரக்கட்டை. காட்டில் வெட்டிய மரங்களை மழைக்காலத்து நீரில் விட்டுக் கீழே பிடிப்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் பல ஆறுகளிலும் இருந்த வழக்கம்.

வள்ளம் ஓடியது ஆற்றின் கடைசிப் பகுதியில். கிழக்கு கல்லடா, மேற்கு கல்லடா, பிறகு ஆறு காயலில் சேரும் இடத்தில் வண்டல் படிந்து உருவான மன்றோ துருத்து. 1810 முதல் திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்து சில காலம் திவான் (தலைமை அமைச்சர்) பொறுப்பையும் வகித்த கர்னல் ஜான் மன்றோவின் பெயர்தான் அந்தத் தீவுக்கு. தேங்காய் மட்டையைக் காயல் நீரில் ஊறப்போட்டுக் கயிறு திரிக்கும் ஊர்கள் இவை. தேங்காயும் மட்டையும் கயிறும் வீட்டு வாசலிலேயே வள்ளத்தில் ஏறின.

திருவிதாங்கூர் ஆறுகள் பெரும்பாலும் இப்படித்தான். மலைக்கும் கடலுக்கும் இடையே அவற்றுக்கு ஓடியாட இடம் போதாது. ஆகவே கிழக்கிலிருந்து மேற்கே போகும் ஆறு யாருக்கும் நெடுஞ்சாலையாக இருக்கவில்லை. உண்மையான நீர்ச்சாலை கடற்கரையை ஒட்டி, தெற்கு வடக்காகக் காயல் காயலாகச் செல்வது. ஆறுகள் அதில் வந்து சேரும் கிளைத் தெருக்கள். இந்தத் திசையை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதிக் கேள்விகள் பாதி தீர்ந்துவிடும்.

அப்படியானால் மலைக்குக் கிழக்கே இருந்த சரக்கு எப்படித் தண்ணீருக்கு வந்து சேர்ந்தது?

மாட்டுவண்டியிலும் பொதிமாட்டிலும் தலைச்சுமையிலும். செங்கோட்டையிலிருந்து கணவாய் ஏறி, ஆரியங்காவு, தென்மலை, புனலூர், கொட்டாரக்கரை வழியாகக் கொல்லம். ரயில் பாதைக் கணக்கில் இது 94 கிலோமீட்டர். கிழக்கிலிருந்து துணி, மிளகாய், வெங்காயம், பருப்பு, மாடு. மேற்கிலிருந்து தேங்காய், பாக்கு, மிளகு, கருவாடு. பாண்டி நாட்டு வெயிலில் விளைவது மழைநாட்டில் விளையாது, மழைநாட்டில் காய்ப்பது இங்கே காய்க்காது என்ற ஒரே காரணம் இந்தப் பாதையைப் பல நூற்றாண்டுகள் உயிரோடு வைத்திருந்தது.

செங்கோட்டை 1949 வரை திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது, பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்தது என்பதையும் மறக்கக் கூடாது. மாநில மறுசீரமைப்பின்போதுதான் அது தமிழ்நாட்டுக்கு வந்தது. அதுவரை தலைநகரில் வேலை என்றால் செங்கோட்டைக்காரர் மலையைக் கடந்து மேற்கே போயாக வேண்டும்.

இந்த வணிகத்தின் தடம் ஆரியங்காவு ஐயப்பன் கோயிலில் இன்றும் இருக்கிறது. மதுரையைச் சேர்ந்த சௌராஷ்டிர வணிகர் ஒருவர் திருவிதாங்கூர் அரண்மனைக்குத் துணி கொண்டுபோகும் வழியில், காட்டுப் பாதைக்குப் பயந்து மகளை ஆரியங்காவில் விட்டுச் சென்றார் என்றும், அவள் ஐயப்பனோடு ஐக்கியமானாள் என்றும் ஐதிகம். ஆண்டுதோறும் நடக்கும் திருக்கல்யாணத்தில் சௌராஷ்டிரர்கள் பெண் வீட்டாராக வந்து நிற்கிறார்கள். ஐதிகத்தின் மற்ற பகுதியைப் பக்தர்களிடம் விட்டுவிடலாம். துணி வியாபாரி போன பாதையும் பெற்ற மகளை அந்தப் பாதையில் கூட்டிப்போக அவர் பயந்ததும் வரலாற்றோடு நன்றாகவே பொருந்துகின்றன.

சுங்கச் சாவடிகள் பெரும் தொல்லையாக இருந்தன. 1865இல் பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி மூன்றும் செய்துகொண்ட வணிக ஒப்பந்தத்தால் எல்லை தாண்டும் பெரும்பாலான பொருள்களுக்கு வரி நீங்கியது. அப்போது திவான் டி. மாதவராவ். கும்பகோணத்துக்காரர். கீழே வர்க்கலை பற்றிய பதிலிலும் அவர் வருகிறார்.

புனலூர் தொங்குபாலத்துக்கும் இந்த வணிகத்துக்கும் தொடர்பு உண்டா?

முழுத் தொடர்பு. வண்டிகள் கல்லடா ஆற்றைக் கடக்க வேண்டிய இடம் புனலூர். ஆற்றில் தண்ணீர் ஏறினால் செங்கோட்டை வண்டி கரையிலேயே நிற்கும். அதற்காகத் தொங்குபாலத்தைத் திருவிதாங்கூர் அரசர் ஆயில்யம் திருநாள் ஆட்சியில், ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளரின் பொறுப்பில் கட்டி 1877இல் முடித்தார்கள். நீளம் சுமார் 400 அடி. இரு கரையிலும் கல்லால் எழுப்பிய வளைவுத் தூண்கள், அவற்றின் மேலே போகும் இரும்புச் சங்கிலிகள், நடைதளத்துக்கு மரப்பலகை. ஆறு யானைகளைப் பாலத்தின் மேல் நடத்திச் சோதித்தார்கள் என்றும் அப்போது பொறியாளர் குடும்பத்தோடு பாலத்துக்கு அடியில் படகில் நின்றார் என்றும் ஊரில் சொல்வார்கள். இந்தியாவில் புதுப் பாலம் கட்டிய எல்லா ஊரிலும் இதே போல ஒரு கதை உண்டு என்பதால் நான் இதைக் கதையாகவே எடுத்துக்கொள்கிறேன். பாலம் இப்போது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம், நடந்து பார்க்கலாம்.

கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் படகிலேயே போனார்கள் என்கிறார்களே, நடுவில் வர்க்கலைக் குன்று இருக்கிறதே?

இருக்கிறது, அதுதான் இந்த வரலாற்றிலேயே சுவையான இடம்.

தெற்கேயிருந்து பார்த்தால், திருவனந்தபுரத்தில் வள்ளக்கடவு என்ற துறை. சாலைக் கடைத்தெருவுக்கும் கிழக்கேகோட்டைக்கும் அருகில். அங்கிருந்து வேளிக் காயல் வரை 1820களில் ஒரு கால்வாய் வெட்டினார்கள். அப்போது ஆட்சிப் பொறுப்பில் இருந்த ராணி கௌரி பார்வதி பாயின் பெயரால் அது பார்வதி புத்தனாறு எனப்படுகிறது. வேளியிலிருந்து வடக்கே கடினங்குளம், அஞ்சுதெங்கு என்று காயல்கள். வடக்கேயிருந்து பார்த்தால், கொல்லத்திலிருந்து பரவூர், இடவை, நடையறை என்று காயல்கள். இரண்டுக்கும் நடுவில், கடலுக்குள்ளேயே காலை நீட்டிக்கொண்டு நிற்கும் வர்க்கலைச் செம்மண் குன்று.

ஆகவே பயணிகளும் சரக்கும் ஒரு பக்கத்தில் இறங்கி, குன்றின் மேல் நடந்து அல்லது சுமைதூக்கிகள் வைத்துக் கடந்து, மறுபக்கத்தில் வேறு வள்ளம் பிடிக்க வேண்டும். ஒரு மூட்டையை இரண்டு தடவை ஏற்றி இரண்டு தடவை இறக்கும் கூலியும் நடுவில் நனைந்து வீணாகும் சரக்கும் சேர்ந்தால், வியாபாரிக்கு என்ன மிஞ்சும்?

குன்றை வெட்டி வழிவிடுவதற்குப் பதிலாகக் குடைந்துவிடத் தீர்மானித்தது மாதவராவ் திவானாக இருந்த காலத்தில். 1872இல் அவர் பதவி விலகிப் போன பிறகும் வேலை நீண்டது. இரண்டு சுரங்கங்கள்: ஒன்று 924 அடி, மற்றது 2,364 அடி. மண் பொலபொலவென்று சரியும் இயல்புடையது, உள்ளே ஊற்றுநீர் வேறு. 1880இல் வழி முழுமையாகத் திறந்தது. அன்று முதல் வள்ளக்கடவில் ஏறியவர் கொல்லம் வரை, விரும்பினால் ஆலப்புழை, கொச்சி வரை, தரையில் இறங்காமல் போகலாம். அரசு இந்த நீண்ட வழிக்கு வைத்த பெயர் திருவனந்தபுரம்–ஷொர்ணூர் கால்வாய், பேச்சில் டி.எஸ். கால்வாய்.

வர்க்கலைச் சுரங்கத்துக்குள் வள்ளம் நுழைந்தால் வெயில் மறைந்து, வௌவால் நாற்றமும் கழி சுவரில் தட்டும் ஓசையுமாகப் போகும். எதிரே இன்னொரு வள்ளம் வந்தால் வழிவிட இடம் இல்லை. எனவே உள்ளே போகும் முன் மறுமுனை காலியா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

1904இல் கொல்லம்–செங்கோட்டை ரயில் வந்ததும் படகுகள் ஒழிந்துவிட்டனவா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நடந்தது நேர்மாறு. ரயில் வந்தபின் கொல்லத்துப் படகுத்துறையில் கூட்டம் கூடியது.

ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1904இல் மீட்டர் கேஜ் ரயில் கணவாயைக் கடந்து கொல்லத்தை அடைந்தது. கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயில் 1918இல்தான் வந்தது. அதுவும் சாக்கை வரை. நகரின் நடுவே தம்பானூருக்கு வர 1931 ஆயிற்று. ஆகவே பதினான்கு ஆண்டுகள், சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் திருநெல்வேலி, செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரத்துக்கு ரயிலில் வந்தவர்களின் கடைசிக் கட்டப் பயணம் கொல்லத்தில் படகு ஏறி வர்க்கலைச் சுரங்கம் வழியாகத்தான். மாட்டுவண்டியும் இருந்தது, ஆனால் படுத்துக்கொண்டு போகலாம் என்பதால் படகுக்கே மதிப்பு.

வடக்கே நிலைமை இன்னும் நீண்டது. எர்ணாகுளத்திலிருந்து கோட்டயம் வரை 1956இலும் கோட்டயத்திலிருந்து கொல்லம் வரை 1958இலும்தான் தண்டவாளம் இணைந்தது. ஆலப்புழை நகரம் ரயிலைப் பார்த்தது 1989இல்! திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் பதினெட்டாம் நூற்றாண்டில் துறைமுகமாக வளர்த்தது, 1859இல் ஜேம்ஸ் டாரா கயிற்றுப் பாய்த் தொழிற்சாலை தொடங்கியது எல்லாம் அந்த ஊரில்தான். இத்தனை ஏற்றுமதியும் தண்ணீர் வழியாகவே நடந்தது. செங்கோட்டை ரயிலில் வந்த தமிழ் வியாபாரிக்கு ஆலப்புழை என்றால் கொல்லம் படகுத்துறையில் இராத்தங்கல் என்றே பொருள்.

சரக்கு வள்ளம் எப்படி இருந்தது? இப்போதைய ஹவுஸ்போட்தானா?

உடல் அதுவே, வேலை வேறு. கெட்டுவள்ளம் ஆஞ்சிலி மரப் பலகைகளால் ஆனது. குமரி மாவட்டத்தில் இதை அயனி என்பார்கள். பலகைகளில் துளையிட்டுக் கயிற்றால் தைத்து, இடுக்கில் தேங்காய் நார் அடைத்து, முந்திரிக் கொட்டையின் எண்ணெயைப் பூசிக் கறுப்பாக்குவார்கள். இரும்பு ஆணி கிடையாது. உப்பு நீர் ஆணியைத் தின்னும், கயிற்றைத் தின்னாது. கயிறு இற்றுப்போனால் அவிழ்த்து மறுபடி தைத்துக்கொள்ளலாம். பெரிய வள்ளம் 30 டன் வரை சுமக்கும். மேலே மூங்கிலும் பாயும் சேர்த்த வளைகூரை, நெல்லும் கொப்பரையும் நனையாமல் இருக்க.

ஓட்டுவது கழுக்கோலால். நீண்ட மூங்கிலை ஆற்றடியில் ஊன்றி, அதைத் தோளில் அழுத்தியபடி வள்ளத்தின் விளிம்பில் முன்னிருந்து பின்னாக நடந்து தள்ளுவார்கள்; மீண்டும் முன்னே வந்து ஊன்றுவார்கள். காற்று சாதகமாக இருந்தால் பாய் விரிப்பார்கள். குறுகிய கால்வாயில் கரையில் இறங்கிக் கயிறு கட்டி இழுப்பதும் உண்டு. சமையல், தூக்கம், கணக்கு எல்லாம் வள்ளத்திலேயே. ஆண்டுக்கணக்கில் இப்படிக் கழுக்கோல் ஊன்றிய தோளில் காய்த்துப்போயிருக்கும். இன்று ஏசி அறையோடு மோட்டாரில் ஓடும் படகில் அந்த வேலை இல்லை. தைக்கும் முறை மட்டும் தொடர்கிறது. பழைய வள்ளங்களைச் சுற்றுலாவுக்கு மாற்றத் தொடங்கியது 1990களில். லாரியால் வேலையிழந்த வள்ளங்கள் விறகாகாமல் தப்பியது அதனால்தான் என்பதால், அவற்றைப் பார்த்து நான் முகம் சுளிப்பதில்லை.

படகுப் பயணம் பாதுகாப்பாக இருந்ததா?

காயல் அமைதியாகத் தெரியும். மழைக்காலத்துக் காற்றில் அஷ்டமுடியும் வேம்பநாடும் கடலைப் போலவே எழும்பும். ஆனால் பெரிய விபத்துகளுக்குக் காரணம் பெரும்பாலும் அதிகப் பாரம்.

அனைவரும் அறிந்தது 1924 ஜனவரி 16ஆம் தேதி நடந்த ரிடீமர் படகு விபத்து. கொல்லத்திலிருந்து ஆலப்புழை நோக்கிப் பயணிகளை நிறைத்துக்கொண்டு சென்ற அந்தப் படகு பல்லனை ஆற்றில் கவிழ்ந்தது. இறந்தவர்களில் மலையாள மகாகவி குமாரன் ஆசானும் ஒருவர். ஸ்ரீநாராயண தர்ம பரிபாலன யோகத்தின் செயலாளராகப் பல ஆண்டுகள் இருந்தவர். அவருக்குக் கொல்லம்–ஆலப்புழைப் படகு என்பது நமக்குப் பஸ் மாதிரி அன்றாட வாகனம். பல்லனையில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது.

வைக்கம் போராட்டத்துக்குப் பெரியாரும் காந்தியும் படகில்தான் வந்தார்களா?

ஆமாம். வைக்கம் வேம்பநாட்டுக் காயலின் கிழக்குக் கரையில் இருக்கிறது. அப்போது அந்தப் பக்கம் ரயிலே கிடையாது. 1924 ஏப்ரலில் பெரியார் வந்தபோது, படகிலிருந்து இறங்குகிற இடத்திலேயே போலீஸ் கமிஷனரும் தாசில்தாரும் அரசர் சார்பில் வரவேற்றதாக அவரே பின்னாளில் பேசியிருக்கிறார். அரசர் டில்லி போகும்போது ஈரோட்டில் பெரியாரின் வீட்டு உபசாரத்தைப் பெற்றவர் என்பதால் அந்த மரியாதையாம். மரியாதை அதிக நாள் நீடிக்கவில்லை. முதல் சிறை அருக்குட்டியில். கொச்சிக்கும் திருவிதாங்கூருக்கும் இடையில் போகும் படகுகளைச் சோதிக்கும் சுங்கச் சாவடி இருந்த ஊர் அது. காந்தி 1925 மார்ச்சில் எர்ணாகுளத்திலிருந்து படகில் வைக்கம் வந்தார்.

ஒன்றைக் கவனிக்கலாம். போராட்டமே ஒடுக்கப்பட்ட சாதியினர் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காக. அந்தத் தெருவுக்குப் போக முடியாதவர் விளைவித்த நெல்லும் திரித்த கயிறும் அதே ஊரின் படகுத்துறையில் தடையின்றி ஏறி இறங்கின.

கன்னியாகுமரி வரை கால்வாய் வெட்டியதாகச் சொல்கிறார்களே, ஏ.வி.எம். கால்வாய், அது என்ன ஆயிற்று?

அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். பத்மநாபசுவாமி, இங்கிலாந்து அரசி, திருவிதாங்கூர் அரசர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மூவர் பெயரும் அதில் அடக்கம். 1860இல் தொடங்கியது. திட்டம் திருவனந்தபுரத்தைக் கன்னியாகுமரியோடு இணைப்பது. நாஞ்சில் நாட்டு நெல்லும் தென்கோடி உப்பளங்களின் உப்பும் தலைநகருக்குத் தண்ணீரில் போக வேண்டும் என்பதில் நியாயம் இருந்தது. தொடங்கிய ஆண்டிலேயே அரசர் காலமானார்.

பூவாறு, தேங்காப்பட்டணம், குளச்சல், மண்டைக்காடு என்று கடற்கரையை ஒட்டிச் சில பகுதிகள் வெட்டப்பட்டு வள்ளமும் ஓடியது. கன்னியாகுமரியை அது எட்டவே இல்லை. வடக்கே கொல்லம் வரை இயற்கையே காயல்களை வெட்டி வைத்திருந்தது. நடுவில் வர்க்கலையை மட்டும் குடைந்தால் போதும். தெற்கேயோ கடற்கரை மணலில் முழுவதும் கையால் வெட்ட வேண்டும். வெட்டிய கரை மழைக்கு மழை சரியும். பிறகு சி.பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்தபோது திருவனந்தபுரம்–கன்னியாகுமரிச் சாலைக்குக் கான்கிரீட் போட்டார்கள். 1938இல் அரசு பஸ்ஸும் வந்தது. அதற்குமேல் யார் வள்ளத்துக்குக் காத்திருப்பார்கள்? இப்போது பல இடங்களில் கால்வாய் சாக்கடையாகவோ வீட்டு மனையாகவோ மாறிவிட்டது. 1956இல் வந்த மாநில எல்லையும் அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போவதால், தூர்வாரும் பேச்சு எழும்போதெல்லாம் பொறுப்பு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது.

பாலக்காட்டுப் பக்கம்? பாரதப்புழையில் கோயம்புத்தூர்ச் சரக்கு போகவில்லையா?

பாரதப்புழை 209 கிலோமீட்டர் நீளமானது. ஆனால் கோடையில் மணல் அதிகம், நீர் குறைவு. பொன்னானிக்கு அருகில் படகு உண்டு. பாலக்காட்டுக் கணவாய் அகலமாக இருந்ததால் அங்கே வண்டிப்பாதைக்கே முதலிடம். 1862க்குள் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்கு ரயிலும் வந்துவிட்டது. ஆரியங்காவை விட நாற்பது ஆண்டுகள் முன்னதாக.

இன்று இந்த வழியில் எதுவரை போகலாம்?

கொல்லத்திலிருந்து வடக்கே கொடுங்கல்லூரை அடுத்த கோட்டப்புறம் வரை 1993இல் மூன்றாவது தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. இரு கிளைக் கால்வாய்களோடு சேர்த்து 205 கிலோமீட்டர். கோவளத்திலிருந்து காசர்கோடு மாவட்டத்துப் பேக்கல் வரை 616 கிலோமீட்டர் நீளத்துக்கு மேற்குக் கடற்கரைக் கால்வாயைச் சீரமைக்கும் பணியும் துண்டு துண்டாக நடக்கிறது. பார்வதி புத்தனாற்றில் ஆகாயத்தாமரையும் நகரக் கழிவும் பெரும் தடை. வர்க்கலைச் சுரங்கங்களில் மண் விழுந்து வழி நெடுங்காலம் அடைபட்டது.

பயணமாகவே போக விரும்புபவர்களுக்குக் கொல்லம்–ஆலப்புழைப் படகு இருக்கிறது. அது ஓடும் பருவத்தில் காலையில் ஏறினால் மாலையில் இறங்கலாம், கிட்டத்தட்ட எட்டு மணி நேரம். அது ஓடாத நாளில் மன்றோ துருத்துக்குப் போய், கழுக்கோல் ஊன்றும் சிறு வள்ளத்தில் சிறு வாய்க்கால்களுக்குள் சுற்றலாம். செங்கோட்டையிலிருந்து ரயிலில் வருபவர்கள் பகல் வண்டியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. 2018இல் அகலப்பாதையான இந்த வழியில் ஆரியங்காவுச் சுரங்கங்களும் தென்மலையின் பதின்மூன்று கண் பாலமும் இரவில் தெரியாது.